அறுபது நிமிடத் துப்பறிவாளர்கள்: மறந்துபோன சின்ன பட்ஜெட் மர்மப் படங்களுக்கு ஓர் அறிமுகம்

ரேமண்ட் சாண்ட்லர் படைத்த பிலிப் மார்லோ, அமெரிக்கத் துப்பறியும் கதைகளில் பெரிய பெயர். ஆனால் மார்லோவின் கதை முதன்முதலில் திரைக்கு வந்தபோது படத்தில் மார்லோவே இல்லை. 1942-இல் ஆர்கேஓ ஸ்டூடியோ 'ஃபேர்வெல், மை லவ்லி' நாவலை எடுத்துக்கொண்டது. மார்லோவைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே தன்னிடம் ஓடிக்கொண்டிருந்த 'ஃபால்கன்' பட வரிசையின் நாயகனை அந்த இடத்தில் வைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் கதையை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படமாக முடித்து, 'த ஃபால்கன் டேக்ஸ் ஓவர்' என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டது. அதே ஆண்டு ஃபாக்ஸ் ஸ்டூடியோ, சாண்ட்லரின் இன்னொரு நாவலான 'த ஹை விண்டோ'வை எடுத்து, மார்லோவுக்குப் பதிலாக மைக்கேல் ஷேன் என்ற வேறொரு துப்பறிவாளரைப் போட்டு 'டைம் டு கில்' என்று வெளியிட்டது.

1944-இல் அதே ஆர்கேஓ அதே 'ஃபேர்வெல், மை லவ்லி'யை மறுபடியும் எடுத்தது. இந்த முறை கூடுதல் பணம், முழு நீளம், நாயகன் பெயரும் மார்லோதான். 'மர்டர், மை ஸ்வீட்' என்ற அந்தப் படம் திரை வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்டது. முந்தைய இரண்டையும் தேடிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேர் எதைத் தேடுகிறார்கள், அதில் அப்படி என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பணம் குறைவு என்பதை இந்தப் படங்களின் ஊனமாகவே பலர் பார்க்கிறார்கள். தனியார் துப்பறிவாளர் கதையைப் பொறுத்தவரை அது சரியில்லை என்பது என் கருத்து. கதையின் அமைப்பும் கையில் இருந்த பணமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திப்போன படங்கள் அந்தக் கால ஹாலிவுட்டில் அபூர்வம்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்

முதலில் பணக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். தியேட்டருக்கு ஆள் வரவில்லை. கூட்டத்தை இழுக்க, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் பரவியது. முதன்மைப் படம் ஒன்று, அதில் நட்சத்திரங்கள் இருப்பார்கள். கூடவே செய்திப்படம், கார்ட்டூன். அப்புறம் இரண்டாவதாக ஒரு சின்னப் படம். அந்த இரண்டாவதைத்தான் 'பி படம்' என்றார்கள். பெரும்பாலும் 55 நிமிடத்திலிருந்து 75 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதன்மைப் படத்துக்குத் தியேட்டர்காரர்கள் வசூலில் ஒரு பங்கு தருவார்கள். பி படத்துக்கு நிலையான வாடகை மட்டும்தான். அரங்கு நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் அந்தத் தொகை மாறாது. ஆகவே ஒரு பி படம் எவ்வளவு சம்பாதிக்கும் என்பது எடுப்பதற்கு முன்பே ஏறக்குறைய தெரிந்துவிடும். அதற்குள் செலவை அடக்கினால் லாபம், மீறினால் நஷ்டம். படம் அற்புதமாக வந்தாலும் ஒரு டாலர்கூட அதிகம் கிடைக்காது.

இதற்கு இரண்டு விளைவுகள். ஒன்று, செலவில் கடுமையான கட்டுப்பாடு. இன்னொன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை: செலவு வரம்புக்குள் இருக்கும்வரை, முதலாளிகள் இந்தப் படங்களை உன்னிப்பாகக் கவனிக்கவில்லை. காட்சியை எப்படி எடுக்கிறாய், யாரை எந்த வேடத்தில் போடுகிறாய், ஏன் இவ்வளவு இருட்டு என்றெல்லாம் கேட்க ஆளில்லை. அந்தக் கவனக்குறைவு பல இயக்குநர்களுக்குச் சுதந்திரமாக அமைந்தது.

சின்ன பட்ஜெட்டிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஃபாக்ஸ், ஆர்கேஓ, கொலம்பியா போன்ற பெரிய நிறுவனங்களின் பி பிரிவுகளுக்கு, பெரிய படங்களுக்காகப் போட்ட செட்டுகளும் தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அதற்குக் கீழே மோனோகிராம், ரிபப்ளிக், பிஆர்சி போன்ற சிறு நிறுவனங்கள். இவற்றைச் சேர்த்து 'பாவர்ட்டி ரோ', அதாவது வறுமைத் தெரு, என்பார்கள். அடித்தட்டில் இருந்தது பிஆர்சி. அதன் முக்கிய இயக்குநர்களில் ஒருவரான சாம் நியூஃபீல்ட், தன் பெயரில் மட்டுமின்றி பீட்டர் ஸ்டூவர்ட், ஷெர்மன் ஸ்காட் என்ற பெயர்களிலும் படங்களை இயக்கினார். ஒரே மனிதர் இத்தனை படங்களைச் செய்து தள்ளுகிறார் என்று வெளியே தெரியக்கூடாதாம்.

இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபாக்ஸ் 1940 முதல் 1942 வரை லாயிட் நோலன் நடிப்பில் ஏழு மைக்கேல் ஷேன் படங்களை எடுத்தது. பிறகு விட்டுவிட்டது. 1946-இல் பிஆர்சி அதே ஷேனை எடுத்துக்கொண்டு, ஹியூ போமான்ட் நடிப்பில் ஐந்து படங்கள் செய்தது. பெயர் ஒன்றுதான். ஒரு வரிசையில் ஒன்று, மற்றதில் ஒன்று என்று அடுத்தடுத்துப் பாருங்கள். ஃபாக்ஸ் படத்தில் சூதாட்ட விடுதி என்றால் கூட்டம் நிறைந்த விடுதி இருக்கும். பிஆர்சியில் ஒரு சோபா, ஒரு திரைச்சீலை, ஒரு சுவர், அவ்வளவுதான்.

அறையிலிருந்து அறைக்கு

சரி, பி படங்களில் துப்பறிவாளர் ஏன் இத்தனை முறை வருகிறார்?

பி படங்களில் அதிகம் எடுக்கப்பட்டவற்றில் ஒன்று கௌபாய் படம். மலையும் மணலும் வெயிலும் இலவசம் என்பதுதான் காரணம். ஸ்டூடியோவுக்குள்ளே கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தவை வேறு: ஏற்கெனவே நிற்கும் அறைகள், நடைபாதைகள், மாடிப்படிகள், ஒரு தெருமுனை. இவற்றை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்ல முடியும்? ஒருவன் ஓர் அறைக்குள் போகிறான், அங்கே இருப்பவரிடம் கேள்வி கேட்கிறான், பாதி உண்மையும் பாதி பொய்யும் கிடைக்கிறது, அடுத்த அறைக்குப் போகிறான். துப்பறிவாளர் கதையின் எலும்புக்கூடே இதுதான்.

போலீஸ் கதை என்றால் நிலையம், சீருடை, வண்டிகள் வேண்டும். ராஜா ராணி கதைக்கு அரண்மனை வேண்டும். தனியார் துப்பறிவாளருக்கு ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, பெயர் எழுதிய கண்ணாடிக் கதவு, தலையில் ஒரு தொப்பி போதும். தனி ஆள் என்பதால் கூட்டமும் வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு புதிய முகம் காத்திருக்கும். அந்த நடிகருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தால் போதும். ஒரே நாளில் தன் மொத்த வேடத்தையும் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தப் படங்களின் முதல் பெரிய இன்பம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு வந்த அந்த நடிகருக்கு நம் மனதில் பதிய மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே அவர் அந்த மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார். விடுதிக் காவலாளி, அடகுக்கடைக்காரர், துருவித் துருவிப் பார்க்கும் வாடகை வீட்டுச் சொந்தக்காரி, குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டவர் என்று ஒவ்வொருவரும் ஒரு முழு வாழ்க்கையைச் சுமந்துகொண்டு கதவைத் திறப்பதுபோல இருக்கும். நட்சத்திரப் படங்களில் எல்லா வெளிச்சமும் நாயகன் முகத்தில் விழும். இங்கே நாயகன் பெரும்பாலும் கேட்பவன். பேசுவதும் பொய் சொல்வதும் பயப்படுவதும் மற்றவர்கள்.

நாயகனும் நமக்குத் தொட்டுவிடும் தூரத்தில் இருப்பவன். இந்த வகைக் கதைகளுக்கு நாற்றங்கால், 1920-இல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' போன்ற மலிவு விலை இதழ்கள். அதில் எழுதிப் பெயர் பெற்ற டாஷியல் ஹாமெட், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையாகவே வேலை பார்த்தவர். அங்கிருந்து வந்த துப்பறிவாளனுக்குக் கூலி முக்கியம். போலீஸ் அதிகாரி உரிமத்தைப் பறித்துவிடுவேன் என்று மிரட்டினால் உண்மையிலேயே பயம் வரும், ஏனென்றால் அது பிழைப்பு. 1940-இல் வந்த முதல் ஷேன் படமான 'மைக்கேல் ஷேன், பிரைவேட் டிடெக்டிவ்' தொடங்கும்போதே, கடன் பாக்கிக்காக அவன் அலுவலக நாற்காலி மேஜைகளை ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவனுக்கு இந்த வழக்கு ஏன் வேண்டும் என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

அதே படத்தில் இன்னொரு இடம். சூதாட்டத்தில் இறங்கிவிட்ட பணக்காரப் பெண்ணைப் பயமுறுத்தித் திருத்த, ஷேன் ஒருவனை மயங்கவைத்து அவன் மேல் கெட்சப்பை ஊற்றி, கொலை நடந்ததுபோல் ஜோடனை செய்கிறான். பிறகு பார்த்தால் அவன் நிஜமாகவே செத்துக் கிடக்கிறான். ஜோடனை செய்தவன் மீதே சந்தேகம் திரும்பக்கூடிய நிலை. ஒரு பாட்டில் கெட்சப், அசையாமல் கிடக்கும் ஒரு நடிகர். இந்தச் செலவில் கதையின் பாதி ஓட்டத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். துப்பறியும் கதைகளைப் படித்துப் படித்தே தானும் துப்பறியக் கிளம்பிவிடும் ஒலிவியா அத்தை என்ற வயதான பெண்மணியும் இதில் வருகிறார். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

இருட்டு

வெளிச்சம் போட்டால் செட்டின் குறைகள் தெரியும். ஒரு மூலையை மட்டும் ஒளியில் காட்டி மற்றதை இருட்டில் விட்டால், சுவர் முடியும் இடம் தெரியாது. பணம் இல்லாததால் வந்த பழக்கம் இது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நல்ல ஒளிப்பதிவாளர் கையில் இது வேறொன்றாக மாறியது. எப்படி என்று பார்க்க, ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆர்கேஓவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளருக்கு ஒரு சிறு பிரிவைக் கொடுத்திருந்தார்கள். நிபந்தனைகள்: படத்துக்கு 1,50,000 டாலருக்குள் செலவு, 75 நிமிடத்துக்குள் நீளம், தலைப்பை ஸ்டூடியோ தரும். அப்படி 1943-இல் வந்தது 'த செவன்த் விக்டிம்'. மார்க் ராப்சன் இயக்கம், நிக்கோலஸ் முசுராக்கா ஒளிப்பதிவு. இதைத் திகில் படம் என்றுதான் விற்றார்கள். ஆனால் காணாமல்போன அக்காவைத் தேடி நியூயார்க்குக்கு வரும் ஓர் இளம்பெண்ணின் கதை இது. அந்தப் பெண்ணுக்கு உதவ முன்வருபவர் இர்விங் ஆகஸ்ட் என்ற தனியார் துப்பறிவாளர். குள்ளமான, பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராத ஆள்.

இரவில் இருவரும் அக்கா நடத்திய அழகுசாதன நிறுவனத்துக்குள் நுழைகிறார்கள். நீண்ட நடைபாதை, அதன் கடைசியில் பூட்டிய ஓர் அறை. பாதையின் தூரத்துப் பாதி முழு இருட்டு. ஆகஸ்டுக்குப் போக மனமில்லை. பயப்படுகிறார், அதை மறைக்கவும் தெரியவில்லை. அந்தப் பெண் அவரைப் பேசிப் பேசி அனுப்புகிறாள். அவர் மெல்ல நடந்து இருட்டுக்குள் மறைகிறார். நாம் அந்தப் பெண்ணுடன் இந்தப் பக்கமே நிற்கிறோம். உள்ளே என்ன நடந்தது என்று படம் காட்டவே இல்லை. சற்று நேரம் கழித்து அவர் திரும்பி வருகிறார், விறைப்பாக, ஒரு வார்த்தை பேசாமல். அவள் ஏதோ கேட்கிறாள். பதிலில்லை. அப்படியே விழுகிறார். குத்தப்பட்டிருக்கிறார்.

ஒரு நடைபாதை, இரண்டு நடிகர்கள், இசை இல்லை, சண்டை இல்லை. இதற்குப் பிறகு அவள் சுரங்க ரயிலில் ஏறுகிறாள். குடித்துச் சாய்ந்த நண்பனைத் தாங்கிப் பிடித்தபடி இரண்டு பேர் பெட்டிக்குள் வருகிறார்கள். நடுவில் இருப்பவர் ஆகஸ்ட். எத்தனையோ கோடி செலவழித்த படங்கள் இந்த இரண்டு நிமிடத்தின் பக்கத்தில்கூட வராது என்பேன்.

துப்பறிவாளன் என்றால் துணிச்சல்காரன், எல்லாம் தெரிந்தவன் என்ற எண்ணத்தையே இந்தக் காட்சி கழற்றிவிடுகிறது. சிறிய மனிதர், பயந்தவர், ஆனாலும் நடந்துபோனார். நட்சத்திரம் ஒருவர் நடித்திருந்தால் அவரைப் பாதிப் படத்தில் கொல்ல முடிந்திருக்காது. பெயர் தெரியாத நடிகர் என்பதால் எதுவும் நடக்கலாம். மறக்கப்பட்ட படங்களில் மர்மம் உண்மையாகவே மர்மமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். யார் சாவார், யார் பிழைப்பார், யார் கொலைகாரர் என்று சம்பளத்தை வைத்து ஊகிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948-இல் வந்த 'பிஹைண்ட் லாக்ட் டோர்ஸ்', 62 நிமிடம். பின்னாளில் ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த கௌபாய் படங்களால் புகழ்பெற்ற பட் பெட்டிகர் இயக்கியது. தலைமறைவான ஒரு ஊழல் நீதிபதி, ஒரு தனியார் மனநல விடுதிக்குள் பதுங்கியிருப்பதாக ஒரு பெண் நிருபருக்குச் சந்தேகம். துப்பறிவாளன் ஒருவனிடம் வருகிறாள். இருவரும் கணவன் மனைவியாக நடித்து, அவனை மனநோயாளி என்று சொல்லி உள்ளே சேர்க்கிறார்கள். அவன் போய்விட்டான், கதவு பூட்டிக்கொண்டது. வெளியே வர வழி?

இந்தக் கதைக்கு ஒரு கட்டடத்தின் உள்பக்கம் போதும். பணம் இல்லாமல் ஒரே இடத்தில் அடைபட்ட படமும், வெளியேற முடியாமல் அடைபட்ட நாயகனும் ஒன்றாகிவிடுகிறார்கள். தனி அறையில் பூட்டிவைக்கப்பட்ட பழைய குத்துச்சண்டை வீரர் ஒருவர் அங்கே இருக்கிறார். மணிச்சத்தம் போல ஏதாவது கேட்டால் போதும், போட்டி தொடங்கிவிட்டது என்று நினைத்து முஷ்டியை உயர்த்துவார். அதைத் தெரிந்துகொண்ட கொடூரமான ஊழியன் ஒருவனும் இருக்கிறான். ஒரு சின்ன உலோகச் சத்தத்தை வைத்து இவ்வளவு பயத்தை உண்டாக்க முடியுமா என்று அந்த இடத்தில் தோன்றும்.

உள்ளே நுழைந்தவர்கள்

யாரும் உன்னிப்பாகக் கவனிக்காத இடத்தில், பெரிய படங்களில் இடம் கிடைக்காத ஆட்களும் சில நேரம் நுழைந்துவிடுவார்கள். 1947-இல் ரிபப்ளிக் வெளியிட்ட 'எக்ஸ்போஸ்ட்' படத்தின் நாயகி பெலிண்டா பிரெண்டிஸ் ஒரு தனியார் துப்பறிவாளர். அடேல் மாரா நடித்திருக்கிறார். சொந்த அலுவலகம், கீழே வேலை செய்ய ஓர் ஆண் உதவியாளர். அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒரு பெண் இந்தத் தொழிலைச் செய்வதைப் படம் ஒரு விந்தையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறாள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இந்தப் படம் கலைப்படைப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் பெரிய படங்களில் இப்படியொரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வார்னர் நிறுவனத்தின் பி பிரிவில் 1937 முதல் 1939 வரை டார்ச்சி பிளேன் என்ற நிருபர் ஒன்பது படங்களில் குற்றங்களைத் துப்பறிந்தாள். ஏழில் நடித்தவர் கிளெண்டா ஃபாரெல், படபடவென்று பேசுவதில் ராணி. சூப்பர்மேன் கதையில் வரும் நிருபர் லோயிஸ் லேனுக்கு டார்ச்சிதான் தூண்டுதல் என்று அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலே பிற்காலத்தில் சொன்னார். இன்று லோயிஸ் லேனைத் தெரியாதவர் இல்லை, டார்ச்சியைத் தெரிந்தவர் இல்லை.

மோனோகிராம் கதை இன்னும் ஆழமானது. 1938 முதல் 1940 வரை மிஸ்டர் வாங் என்ற சீன அமெரிக்கத் துப்பறிவாளராக ஐந்து படங்களில் நடித்தவர் போரிஸ் கார்லாஃப். லண்டனில் பிறந்த ஆங்கிலேயர், முகத்தில் ஒப்பனை போட்டுச் சீனராக்கினார்கள். வெள்ளைக்கார நடிகர்கள் ஆசியர் வேடம் போடுவது அப்போது ஹாலிவுட்டில் சர்வசாதாரணம். இன்று பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆறாவது படமான 'ஃபான்டம் ஆஃப் சைனாடவுன்' 1940-இல் வந்தபோது கார்லாஃப் இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர் கீ லூக். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளரின் படங்களில் அவருடைய மூத்த மகனாக வந்து சிரிக்கவைத்தவர், சீனாவில் பிறந்த சீன அமெரிக்கர். ஒப்பனையும் இல்லை, உடைந்த ஆங்கிலமும் இல்லை. ஓர் இளைஞன், புத்திசாலி, நாயகன். சீன அமெரிக்கர் ஒருவரை ஹாலிவுட் படத்தின் துப்பறியும் நாயகனாகப் பார்ப்பது அன்று எவ்வளவு அரிது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், சாதாரணமான கேள்வி-பதில் காட்சிகூட நெஞ்சைத் தொடுகிறது. அந்த வரிசை அத்துடன் நின்றுபோனது. ஒரே ஒரு படம்.

அதே சமயம், கறுப்பின நடிகர்களைப் பயந்து நடுங்கும் வேலைக்காரர்களாக மட்டுமே காட்டிச் சிரிக்கவைக்கும் பழக்கமும் இந்தப் படங்களில் நிறைய உண்டு. அதைச் சகித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். எந்த நடிகர் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளும் தன் திறமையைக் காட்டியிருக்கிறார் என்று கவனித்தால், அவருக்குக் கிடைக்காமல்போன வேடங்களின் மீது கோபம் வரும். அந்தக் கோபமும் பார்வையில் சேர வேண்டியதுதான்.

இயக்குநர்கள் விஷயத்துக்கு வருவோம். பிற்காலத்தில் பெரிய துப்பறியும் படங்களை எடுத்த பலர் இங்கே கை பழகியவர்கள். 1939-இல் எம்ஜிஎம்மின் சின்னப் படமான 'நிக் கார்ட்டர், மாஸ்டர் டிடெக்டிவ்'வை இயக்கிய ஜாக் டூர்னர்தான் 1947-இல் 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' எடுத்தார். அதற்கு ஒளிப்பதிவு, நாம் மேலே பார்த்த நடைபாதையை இருட்டாக்கிய அதே முசுராக்கா. 'மர்டர், மை ஸ்வீட்' எடுத்த எட்வர்ட் டிமிட்ரிக், அதற்கு முந்தைய ஆண்டு 'த ஃபால்கன் ஸ்ட்ரைக்ஸ் பேக்'கை இயக்கியிருந்தார். ஜோசஃப் எச். லூயிஸ் என்பவர் மலிவு கௌபாய் படங்களில் வண்டிச் சக்கரத்தை முன்னால் வைத்து அதன் ஊடாகக் காட்சியை எடுப்பாராம். 'வண்டிச் சக்கர ஜோ' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. அவரும் 1945-இல் ஒரு ஃபால்கன் படம் செய்திருக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960-இல் வெளிவந்த தன் முதல் முழுநீளப் படத்தை மோனோகிராம் நிறுவனத்துக்கே சமர்ப்பணம் செய்தார்.

எது சரியாக வராது

எல்லாமே முத்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். கதை பல படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். சந்தேகத்துக்குரிய எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இதுவரை நமக்குக் காட்டாத விஷயங்களை எல்லாம் துப்பறிவாளன் கடகடவென்று ஒப்பிப்பான். நாயகனின் முட்டாள் நண்பன் வந்து நகைச்சுவை செய்வான், பாதி நேரம் சிரிப்பு வராது. நேரத்தை நிரப்ப இரவு விடுதியில் ஒரு பாட்டு வரும். கார் ஓடும்போது பின்னால் திரையில் ஓடும் தெரு, காரின் வேகத்துக்குப் பொருந்தாது.

கொலைகாரர் யார் என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்தக் குறைகள் உறுத்தும். நான் பழகிக்கொண்ட முறை, காட்சி காட்சியாகப் பார்ப்பது. இந்த அறையில் யார், என்ன மறைக்கிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கதவு எந்தப் பக்கம் என்று கவனிப்பது. மொத்தக் கணக்கு சரியாக முடியாவிட்டாலும் ஒவ்வோர் அறையும் ஏதோ கொடுத்துவிட்டுப் போகும். நீளம் குறைவு என்பதும் பெரிய வசதி. சுமாரான படமாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடுகிறது.

ஏன் மறந்துபோனோம்

1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ஸ்டூடியோக்களின் தியேட்டர் ஆதிக்கத்தை உடைக்கும் தீர்ப்பைக் கொடுத்தது. தியேட்டர்காரர்கள் ஒரு படத்தை வாடகைக்கு எடுக்க வேண்டுமானால் கூடவே இன்னொன்றையும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற வியாபார முறையும் அடிபட்டது. அதே சமயத்தில் தொலைக்காட்சி வந்தது. வாராவாரம் ஒரு துப்பறிவாளன், ஓர் அலுவலகம், ஒரு வழக்கு என்ற வடிவத்தை அது அப்படியே எடுத்துக்கொண்டது. பிஆர்சியின் ஷேன் ஹியூ போமான்ட்டே பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில் அன்பான அப்பாவாக நடித்துத்தான் நாடறிந்தவரானார்.

படச்சுருளும் ஒரு காரணம். 1950-களின் தொடக்கம்வரை நைட்ரேட் சுருள்கள்தான். எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் சிதையும். பெரிய படத்தின் மூலச்சுருளைப் பாதுகாக்கவே பலர் மெனக்கெடாத காலத்தில் சின்னப் படத்தை யார் கவனிப்பார்கள்? தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டவற்றை நேரத்துக்கு ஏற்ப வெட்டியும் ஒளிபரப்பினார்கள்.

பதிப்புரிமைச் சட்டம் இதில் ஒரு விசித்திரமான வேலை செய்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமை 28 ஆண்டுக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். மூடிப்போன சிறு நிறுவனங்களின் படங்கள் பலவற்றுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அவை பொதுச்சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றானதால்தான் அவை அழியாமல் பரவின. நகலுக்கு நகல் எடுத்து, முகங்கள் வெளுத்து, இருட்டு வெறும் சாம்பல் குழம்பாகிப்போனதும் அதே காரணத்தால்தான். இருட்டையே மொழியாகக் கொண்ட ஒரு படத்துக்கு இது பெரிய அநியாயம்.

எங்கே தொடங்கலாம்

ஆகவே முதல் அறிவுரை: நல்ல பிரதியைத் தேடுங்கள். ஒரே படம் இணையத்தில் ஐந்தாறு இடங்களில் கிடைத்தால், ஒவ்வொன்றிலும் இரவுக் காட்சி ஒன்றை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகவும் முகத்தின் ஓரம் தெளிவாகவும் தெரியும் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலான பிரதியில் 'பிஹைண்ட் லாக்ட் டோர்ஸ்' பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள், படத்தில் பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

லேசாகத் தொடங்க விரும்பினால் லாயிட் நோலனின் முதல் ஷேன் படம். அடுத்து அதே வரிசையில் 1941-இல் வந்த 'ஸ்லீப்பர்ஸ் வெஸ்ட்'. ஒரு முக்கிய சாட்சியை டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலில் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும், ஷேனின் வேலை அவ்வளவுதான். ஏறக்குறைய மொத்தப் படமும் ரயில் பெட்டிகளுக்குள்ளே நடக்கிறது. இருட்டு வேண்டுமென்றால் 'த செவன்த் விக்டிம்', ஆனால் அதைத் தனியாக, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். இவை பிடித்துப்போனால் ஆர்கேஓவின் ஃபால்கன் வரிசைக்குப் போகலாம். மொத்தம் 13 படங்கள். முதலில் ஜார்ஜ் சாண்டர்ஸ் நாயகன், பிறகு அவருடைய நிஜ அண்ணன் டாம் கான்வே. 1942-இல் வந்த 'த ஃபால்கன்ஸ் பிரதர்' படத்தில் தம்பி விடைபெற்று அண்ணன் பொறுப்பேற்கிறார். இருவரையும் ஒரே படத்தில் பார்க்கலாம், குரல்கூட அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும்.

பிஆர்சி படங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைகளைப் படிக்கக் கண் பழகிய பிறகு, அந்த ஒரு சோபாவையும் ஒரு திரைச்சீலையையும் அடுத்தடுத்த படங்களில் எப்படி இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே தனி சுகம்.